பொற்காசு பேசும் மொழி

ஒரு பவுன் பொன் உள்ளங்கையில் எத்துணைக் கனக்கும் என்பதை அறியாத குடும்பம் நம் நாட்டில் இல்லை. ஏறத்தாழ அதே எடையுள்ள ஒரு காசை இப்பொழுது மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். நாம் கண்டு பழகிய பவுனைவிட அதன் வட்டம் சற்றுச் சிறிது; கனம் சற்று மிகுதி. விளிம்பு செம்மையான வட்டமாக இராது. கையால் அடித்த காசாதலின் சிறிது கோணியிருக்கும். ஆனால் மாற்றுக் குறையாத பொன். ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்து வெளிவந்தாலும் நேற்று அடித்ததுபோல் ஒளிவிடும். இதுவே உரோமப் பேரரசின் பொற்காசு. 'ஔரியஸ்' என்பது இலத்தீன் மொழியில் இதற்கு வழங்கிய பெயர். பொன்னாலானது என்பது அதன் பொருள்.

இக்காசின் மதிப்பையும் முதலில் தெரிந்துகொள்வோம். அகஸ்டஸ் காலத்தில் ஒரு பொற்காசு 25 வெள்ளிக் காசுகளுக்கு ஈடாக இருந்தது. உரோமப் படைவீரன் ஒருவனுடைய ஓராண்டு ஊதியம் 225 வெள்ளிக் காசு. அதாவது ஒன்பது பொற்காசு. அதனை ஆண்டுக்கு மூன்று தவணையாகக் கொடுத்தனர். ஆகவே, நான்கு திங்கள் வெயிலிலும் பனியிலும் எல்லை காத்த வீரனுக்குக் கிடைத்த பயன் மூன்று பொற்காசின் மதிப்பேயாகும். சந்தையில் கீரை வாங்கப் பயன்படும் காசன்று இது. படைத்தலைவரும் பெருநிலக்கிழாரும் கடல் கடந்து செல்லும் வணிகரும் கையாண்ட காசு.

அக்காலத்தில் செய்தித்தாள் இல்லை, வானொலியும் இல்லை. இரைன் ஆற்றங்கரையில் காவலிருந்த வீரனும், எகிப்து நாட்டுத் துறைமுகத்தில் சரக்கேற்றிய வணிகனும் உரோமாபுரியில் ஆள்பவன் யார், அவன் முகம் எத்தகையது என்பதை எவ்வாறு அறிவர்? காசு அதனை அறிவித்தது. கீழச்சைப் பட்டடையில் பதித்து, அதன்மேல் பொன் வில்லையை வைத்து, மேலச்சை நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடித்தனர். அந்த ஓர் அடியில் ஒருபுறம் அரசன் தலையும், மறுபுறம் அவன் சொல்ல விரும்பிய செய்தியும் பதிந்தன. ஒரு விரல் அகலமே உள்ள இடத்தில் சொல்லவேண்டியிருந்தமையால் உருவங்களே அங்கு மொழியாயின. ஒலிவக்கிளை ஏந்திய நங்கை அமைதி. சிறகு விரித்து வாகை சூட்ட வருபவள் வெற்றி. கப்பலின் சுக்கானைப் பற்றி நிற்பவள் நற்பேறு. துலாக்கோல் தாங்கியவள் நடுவுநிலைமை. கனிகள் நிறைந்து வழியும் கொம்பு வளமை. எழுத்தறியாதவனும் இம்மொழியை ஓரளவு படித்தான்.

இம்மொழியில் உரோமர் எழுதியவை அனைத்தும் உண்மையா? அன்றி, அரசர் மக்களை நம்பச் செய்ய விரும்பியவை மட்டுமா? இவ்வினாவோடு சில காசுகளைத் திருப்பிப் பார்ப்போம்.

உரோமில் குடியரசு நிலவிய காலத்தில், தெய்வங்களின் உருவத்தையும் முன்னோர் உருவத்தையும் காசில் பொறிப்பர். உயிரோடிருக்கும் மனிதனின் தலையை உரோமாபுரிக் காசில் பொறிப்பது வழக்கமன்று. அது முடியரசரின் செயல் எனக் கருதினர். கி.மு. 44-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜூலியஸ் சீசரின் தலை வெள்ளிக் காசில் தோன்றியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் அவன் குத்திக் கொல்லப்பட்டான். அரசனாக விரும்பினான் என்பதே அவன்மீது சாட்டப்பட்ட குற்றம்.

கொன்றவருள் முதன்மையானவன் புரூட்டஸ். இரண்டாண்டுகளுக்குள் படைதிரட்டிக் கிரேக்க நாட்டுப் பக்கத்தில் நின்ற அவன், படையினர்க்கு ஊதியம் கொடுக்கக் காசு அடித்தான். வெள்ளியில் பலவும், பொன்னில் மிகச் சிலவுமாக அக்காசுகள் இன்றும் எஞ்சியுள்ளன. அதன் பின்புறத்தில் இரண்டு கட்டாரிகள். அவற்றின் நடுவே ஒரு குல்லாய். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவன் அணியும் குல்லாய் அது. கீழே, மார்ச்சுத் திங்களின் நடுநாள் என்னும் பொருளில் இரு குறுஞ்சொற்கள். 'கட்டாரியால் உங்களை விடுவித்தோம்' என்று ஒரு நூல் முழுதும் எழுதவேண்டியதை மூன்று உருவங்களால் உணர்த்திவிட்டான். உரோமர் அடித்த காசுகளுள் இதனினும் கூரியது வேறில்லை எனலாம். ஆனால் காசைத் திருப்புங்கள். முன்புறத்தில் இருப்பது யார் தலை? உயிரோடிருந்த புரூட்டஸின் தலை! எந்தச் செயலைச் சீசர் செய்தான் என்று சினந்தனரோ, அதே செயலை விடுதலையின் பெயரால் புரூட்டஸும் செய்தான். பின்புறம் ஒன்று கூற, முன்புறம் அதனை மறுக்கிறது.

அடுத்து வந்தவன் அகஸ்டஸ். உருவங்களின் ஆற்றலை அவனைப்போல் உணர்ந்த அரசர் சிலரே. ஆட்டின் முன்னுடலும் மீனின் வாலும் கொண்ட மகரத்தைத் தன் இராசிக் குறியாகக் கொண்டு, அதன் கால்களுக்கிடையே உலக உருண்டையை வைத்துக் காசில் பொறித்தான். 'வானமே என்னை ஆளப் பணித்தது' என்பது குறிப்பு. கி.மு. 27-இல் அடித்த பொற்காசு ஒன்றில், ஒரு கழுகு சிறகு விரித்து, ஓக்கு மர இலைகளால் தொடுத்த மாலையைப் பற்றியிருக்கிறது. போரில் சக குடிமகன் ஒருவனின் உயிரைக் காத்தவனுக்கு உரோமர் சூட்டும் மாலை அது. 'குடிமக்களைக் காத்தமைக்காக' என்னும் பொருள்பட எழுத்தும் உண்டு. ஆனால், அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் கி.மு. 43-இல், இவனும் இவனுடைய கூட்டாளிகள் இருவரும் பெயர்ப்பட்டியல் எழுதி ஒட்டி, நூற்றுக்கணக்கான குடிமக்களைக் கொல்லச் செய்தவர்கள். அப்பட்டியலில் தந்தையை இழந்த ஒருவன் கையில் இந்த மாலைக் காசு விழுந்திருக்குமாயின் அவன் என்ன நினைத்திருப்பான்? காசு அதனைச் சொல்வதில்லை.

அகஸ்டஸின் மற்றொரு காசைக் காண்போம். கி.மு. 2 முதல், இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரில் பொன்னிலும் வெள்ளியிலும் ஏராளமாக அடிக்கப்பட்டது அது. இரண்டு இளைஞர் நிற்கின்றனர். இடையே கேடயங்களும் ஈட்டிகளும். அவர்கள் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்மார், கையஸ், லூசியஸ் என்போர். இருவரையும் மகன்மையாக ஏற்று, தனக்குப்பின் நாடாள்பவர் இவரே என்று உலகுக்கு அறிவித்தான் பேரரசன். கி.பி. 2-இல் இளையவன் இறந்தான். கி.பி. 4-இல் மூத்தவனும் இறந்தான். ஆனால் காசு இறக்கவில்லை. அது கைமாறிக் கைமாறி, மலைகளையும் கடல்களையும் தாண்டிச் சென்றது. இந்திய மண்ணில் மிகுதியாகக் கிடைக்கும் உரோமக் காசு வகைகளுள் இதுவும் ஒன்று. நம் நாட்டு வணிகர் கையில் இக்காசு விழுந்தபோது, அதில் நின்ற இளவரசர் இருவரும் உயிரோடில்லை. அவர்களைப் பற்றி அரசன் கூறிய வாக்குறுதி மட்டும் பொன்னில் புதிதாகவே இருந்தது.

சில நேரங்களில் காசு தன்னையறியாமல் உண்மையை உரைத்துவிடுவதும் உண்டு. கி.பி. 41-இல் கலிகுலா கொலையுண்டபின், மெய்க்காவற்படையினர் கிளாடியஸைத் தங்கள் பாசறைக்கு அழைத்துச் சென்று பேரரசன் என்று முழங்கினர். அவன் ஒவ்வொரு வீரனுக்கும் பதினைந்தாயிரம் செஸ்டர்ஸ் அளிப்பதாக வாக்களித்தான். அது 150 பொற்காசின் மதிப்பு. பின்னர் அவன் அடித்த பொற்காசில் அப்பாசறையின் மதிலே காட்சியளிக்கிறது. உள்ளே கொடியுடன் ஒரு வீரன். அவனுடைய வேறொரு காசில், அரசனும் கொடி தாங்கிய வீரனும் கைகுலுக்கி நிற்கின்றனர். ஆட்சி எவ்விடத்திலிருந்து வந்தது என்பதை மறைக்காமல் காட்டும் காசு இது. மறைத்தால் காவற்படையினர் வருந்துவர் என்றும் அரசன் எண்ணியிருக்கலாம்.

நீரோவின் காசுகளோ ஒரு நாடகம். கி.பி. 54-இல் பதினாறு வயதுச் சிறுவனாக அவன் அரியணை ஏறியபோது வெளியான பொற்காசில், அவனும் அவன் தாய் அக்ரிப்பினாவும் ஒருவரை ஒருவர் நேர்நோக்கி, ஒத்த உருவினராய் விளங்குகின்றனர். சுற்றியுள்ள எழுத்து தாயின் பெயரையே கூறுகிறது. மகனுடைய பட்டங்கள் பின்புறத்துக்குச் சென்றுவிட்டன. அடுத்த ஆண்டுக் காசில் மகன் முகம் முன்னே வருகிறது. தாயின் முகம் அதன் பின்னே பாதி மறைகிறது. அவள் பெயர் மறுபுறத்துக்கு மாற்றப்படுகிறது. அதன்பின் அவள் முகமே காசில் இல்லை. கி.பி. 59-இல் மகனுடைய ஆணையால் அவள் கொல்லப்பட்டாள். வரலாற்று நூல்கள் அனைத்தும் அழிந்து இம்மூன்று காசுகள் மட்டும் எஞ்சியிருந்தாலும், அரண்மனைக்குள் ஏதோ நேர்ந்தது என்பதை நாம் உய்த்துணர்ந்திருப்போம்.

கி.பி. 64-இல் உரோமாபுரியைப் பெருந்தீ விழுங்கியது. நகரை மீண்டும் எழுப்பவும், தனக்கென ஒரு பொன்மாளிகை கட்டவும் நீரோவுக்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. ஓர் உரோம இராத்தல் பொன்னில் முன்பு ஏறத்தாழ 40 காசு அடித்தனர்; இப்பொழுது 45 காசு அடித்தனர். அக்காலத்துக் காசுகளில் நீரோவின் கன்னமும் கழுத்தும் பருத்துக்கொண்டே போகின்றன. அவற்றைத் தாங்கிய காசோ மெலிந்துவிட்டது. அதே ஆண்டுகளில் வெளியான மற்றொரு காசில் ஜானஸ் தெய்வத்தின் கோயிற் கதவு சாத்தப்பட்டுத் தோரணம் தொங்குகிறது. நாட்டில் எங்கும் போர் இல்லாதபோதே அக்கதவைச் சாத்துவது மரபு. நிலத்திலும் நீரிலும் அமைதி நாட்டியதாக அதன் எழுத்துப் பெருமை பேசுகிறது. ஆனால் கி.பி. 66-இலேயே யூதேயாவில் கிளர்ச்சி மூண்டது. கி.பி. 68-இல் நீரோ தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. அடுத்த ஆண்டில் மட்டும் நால்வர் ஒருவர்பின் ஒருவராக அரியணையில் இருந்தனர்.

அந்நால்வருள் இறுதியில் நிலைத்தவன் வெஸ்பாசியன். கி.பி. 70-இல் அவன் மகன் எருசலேம் நகரை வென்று அதன் பெருங்கோயிலை எரித்தபின் வெளிவந்த பொற்காசில், வெற்றிச் சின்னமாக நாட்டிய படைக்கலங்களின் அடியில் ஒரு பெண் குனிந்து அமர்ந்திருக்கிறாள். அவளே யூதேயா. வென்றவனுக்கு அவ்வுருவம் பெருமிதம். தோற்றவனுக்கு அது தன் தாயின் கண்ணீர். கி.பி. 132-இல் அந்நாட்டு மக்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்தபோது, தம் கைக்குக் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளையும் வெண்கலக் காசுகளையும் எடுத்து, பேரரசன் தலையின்மேலேயே தம் அச்சை வைத்து அடித்தனர். அழிந்த கோயிலின் முகப்பும் பேரீச்ச மரமும் அரசன் முகத்தை மூடின. இன்றும் சில காசுகளில் அடியிலுள்ள பழைய முகத்தின் கோடுகள் மங்கலாகத் தெரிகின்றன. உருவத்துக்கு உருவத்தாலேயே மறுமொழி கூறினர் அம்மக்கள்.

இனி, மிகக் குறுகிய காலம் ஆண்ட ஒருவனைக் காண்போம். கி.பி. 193-இல் காவற்படையினர் தம் அரசனைக் கொன்றுவிட்டு, பேரரசையே ஏலம் விட்டனர். மிகுதியான தொகை கூறி அதனைப் பெற்றவன் டிடியஸ் ஜூலியானஸ். அவனுடைய பொற்காசில் இரண்டு படைக்கொடிகளைப் பற்றி ஒரு நங்கை நிற்கிறாள். 'படையினரின் ஒற்றுமை' என்பது அவள் பெயர். அவ்வேளையில் மூன்று எல்லைகளில் மூன்று படைகள் தத்தம் தலைவரை அரசரென அறிவித்துக்கொண்டிருந்தன. 66 நாளில் ஜூலியானஸ் கொலையுண்டான்.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நாட்டில் எது குறைந்ததோ அதனையே காசு உரத்த குரலில் கூறியது. ஒற்றுமை குலைந்தபோது ஒற்றுமை என்னும் நங்கை தோன்றினாள். அமைதி ஆட்டங்கண்டபோது அமைதி ஒலிவக்கிளையை உயர்த்திப் பிடித்தாள். ஆனால், காசு கூறியவை யாவும் பொய் என்று தள்ளிவிடுதலும் நேர்மையன்று. திராஜன் காலத்துப் பொற்காசு ஒன்றில், அரசன் இரு குழந்தைகளுக்குக் கை நீட்டி உதவி அளிக்கிறான். இத்தாலியக் குழந்தைகளின் உணவுக்கென வகுத்த அறத்தை அது குறிக்கும். இதுவும் புகழுரைதானோ என்று ஐயுறலாம். ஆனால் வடஇத்தாலியில் வெலேயா என்னும் ஊரில் கிடைத்த பெரிய வெண்கலப் பட்டயம் அந்த அறத்தின் கணக்கையே தாங்கி நிற்கிறது. எந்த நிலத்தின் ஈட்டின்மேல் எவ்வளவு கடன், அதன் வட்டியிலிருந்து ஆண் குழந்தைக்குத் திங்களுக்கு 16 செஸ்டர்ஸ், பெண் குழந்தைக்கு 12 செஸ்டர்ஸ் என்றெல்லாம் அதில் வரையப்பட்டுள்ளன. இங்கே காசின் சொல்லுக்குப் பட்டயம் சான்றாயிற்று. ஆகவே, உருவத்தை நம்புவதற்கு முன் சான்றைத் தேடுதலே முறை.

காசிலேயே ஒரு சான்று உண்டு. அதுதான் எடை. உருவத்தை ஒரு நாளில் மாற்றிவிடலாம். எடையை மாற்றினால் துலாக்கோல் காட்டிக் கொடுத்துவிடும். கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் ஓர் இராத்தலுக்கு 72 வீதம் புதிய பொற்காசு அடித்தான். 'உறுதியானது' என்னும் பொருளில் அதனைச் 'சாலிடஸ்' என்றனர். முதலில் அவன் காசில் ஞாயிற்றுத் தெய்வம் துணைநின்றது; பின்வந்தோர் காசில் சிலுவை வந்தது; அரசர் பலர் வந்து போயினர். முகங்கள் மாறினும் எடையும் மாற்றும் ஏறத்தாழ எழுநூறு ஆண்டு குலையாது நின்றன. அக்காசு நெடுந்தொலைவு நாடுகளிலும் மதிக்கப்பட்டமைக்குக் காரணம் அதிலிருந்த முகமன்று. முகத்துக்கு அடியிலிருந்த பொன்.

இவ்வுண்மையை நம் பக்கத்து மக்கள் அன்றே உணர்ந்திருந்தனர் என்பதற்கு உரோமரே சான்று பகர்கின்றனர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். கிளாடியஸ் காலத்தில், காற்றால் அலைக்கழிக்கப்பட்ட உரோமன் ஒருவன் இலங்கைத் தீவில் கரையேறினான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை அத்தீவின் மன்னன் ஆராய்ந்தான். காசுகளில் முகங்கள் வெவ்வேறாக இருந்தன; ஆகவே அவை வெவ்வேறு அரசர் அடித்தவை. ஆயினும் எடை மட்டும் ஒன்றாகவே இருந்தது. அது கண்டு அம்மன்னன் உரோமரின் நேர்மையை வியந்தானாம். முகத்தின் அழகையோ எழுத்தின் பெருமையையோ அவன் வியக்கவில்லை.

அதே பிளினி, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் செல்வத்தை இந்தியா இழுத்துக்கொள்கிறது என்று மனம் வருந்துகிறார். பொற்காசில் கணக்கிட்டால் அது ஐந்து இலட்சம் காசு. மிளகுக்கும் முத்துக்கும் நுண்துகிலுக்கும் உரோமர் கொடுத்த விலை அது. இக்கணக்கு மிகையானது என்பாரும் உளர். எனினும், பொன் வந்தது என்பதில் ஐயமில்லை. கொங்குநாட்டு மண் அதனைப் பலமுறை வெளியே தந்திருக்கிறது.

1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில், கருக்காக்குறிச்சி என்னும் ஊரில் ஒரு புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையுள்ள அரசரின் பொற்காசுகள், மொத்தம் 501. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டவற்றில், அரசன் தலையின் குறுக்கே உளியால் ஓங்கி வெட்டிய வடு இருக்கிறது. அகஸ்டஸின் கன்னத்திலும் நீரோவின் பருத்த கழுத்திலும் அந்த வடு வேறுபாடின்றி விழுந்துள்ளது. பொன்னின் மாற்றை அறியவே வெட்டினர் என்பர் சிலர். இனி இது காசாகச் செல்லாது, பொன்னாகவே செல்லும் என்று காட்டுதற்கே வெட்டினர் என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும், வெட்டியவனுக்கு அம்முகம் ஒரு பொருட்டாக இல்லை என்பது உறுதி. அவன் பொன்னை வைத்துக்கொண்டான், முகத்தைத் தள்ளிவிட்டான்.

இன்னும் சில உரோமக் காசுகளில் வேறொரு மாற்றத்தைக் காண்கிறோம். தலைக்கு மேலே இரண்டு துளைகள்; நூல் கோத்து அணிவதற்காக இட்டவை. உலகாண்ட பேரரசன் ஒருவன், தன்னை இன்னானென்று அறியாத ஒரு பெண்ணின் கழுத்தில் அணியாகித் தொங்கினான். அவள் அவன் பட்டங்களைப் படிக்கவில்லை. ஒளியையும் அழகையும் மட்டும் ஏற்றுக்கொண்டாள்.

நேயர்களே, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உரோமக் காசுகள் உள்ளன. வாய்ப்புள்ளவர்கள் சென்று காணுங்கள். அவற்றின்முன் நிற்கும்போது முகத்தின் எழிலில் மயங்கிவிடாதீர்கள். பொய்யென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டா. இவ்வரசன் எதனைச் சொல்ல விரும்பினான், எதனைச் சொல்லாமல் விட்டான், அவன் காசின் எடை நின்றதா குறைந்ததா என்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். ஆள்வோர் மக்களோடு பேசுங்கருவிகள் காலந்தோறும் மாறிக்கொண்டே வருகின்றன. அன்று பொன்னில் பொறித்தனர்; இன்று காற்றிலும் ஒளியிலும் அனுப்புகின்றனர். கேட்கவேண்டிய வினாக்கள் மட்டும் அன்றிருந்தவையே. அவ்வினாக்களைக் கேட்கும் உரிமை, காசை அடித்தவனுக்கன்று. அதனைக் கையில் வாங்கும் குடிமகனுக்கே உரியது.